தூங்கு என்று சொல்லாத தாலாட்டு

2013 ஜனவரியில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியானது. ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காகப் பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு, சிறந்த பாடல் பிரிவில் இடம்பிடித்திருந்தது. தமிழ்நாடு அதைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே கேரளத்திலிருந்து ஒரு புகார் கிளம்பியது. பாட்டின் தொடக்க வரிகள் இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்ற தாலாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்றது தம்பியின் பெயரில் இயங்கும் நினைவு அறக்கட்டளை. ஜெயஸ்ரீ அதை மறுத்தார். விருது கடைசியில் அடெல் பாடிய ‘ஸ்கைஃபால்’ பாட்டுக்குப் போனது.

யார் பக்கம் நியாயம் என்ற விசாரணை இங்கே வேண்டாம். நிலாவையும் மயிலையும் குயிலையும் தாலாட்டில் வைத்துப் பாட யாரும் உரிமம் வாங்கத் தேவையில்லை. எல்லார் வீட்டுத் தூளியிலும் அவை உண்டு. சுவாரசியம் வேறிடத்தில் இருக்கிறது. சண்டைக்கு இழுக்கப்பட்ட அந்த மலையாளத் தாலாட்டுக்கு அந்த ஆண்டுதான் சரியாக 200 வயது. அதில் ஓரிடத்தில்கூடத் தூங்கு என்ற சொல் கிடையாது. ஆராரோ, ஆரிரரோ போன்ற ஓசைகளும் கிடையாது. ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, இது நிலவுக்குஞ்சா, தாமரையா, பூவில் ஊறிய தேனா, ஆடும் மயிலா, துள்ளும் மான்கன்றா என்று கேட்டுக்கொண்டே போகிறது பாட்டு. முதலிலிருந்து முடிவுவரை கேள்விகள்தாம். பதில் சொல்ல வேண்டியவனுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை.

அந்தப் பிள்ளை திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள். பிறந்தது 1813 ஏப்ரல் 16. தாலாட்டை எழுதிய இரயிம்மன் தம்பிக்கு அப்போது முப்பது வயதை ஒட்டிய பருவம். 1782-ல் பிறந்தவர், அரச குடும்பத்தோடு உறவுள்ள வீடு, திருவனந்தபுரம் கோட்டைக்குள் அரண்மனைக்கும் கோயிலுக்கும் இடையே நடமாடிக் கவி எழுதிய மனிதர்.

பாட்டைப் புரிந்துகொள்ள அந்தத் தொட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான வேலுத்தம்பி தளவாயின் கலகம் 1809-ல் அடக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டு மன்னர் பலராம வர்மா இறந்தபோது அரியணைக்கு உரிமையுள்ள ஆண் வாரிசு நேர் வழியில் எவரும் இல்லை. இருபது வயதை எட்டியும் எட்டாத கௌரி லட்சுமி பாய் பட்டத்துக்கு வந்தார். மருமக்கள்தாய முறையில் அரசுரிமை ராஜாவின் மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். ஆகவே ராணியின் வயிற்றில் ஓர் ஆண்பிள்ளை பிறக்கவேண்டும் என்பது குடும்பத்தின் ஆசையாக மட்டும் நிற்கவில்லை, அரசாங்கத்தின் கவலையாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் ஜான் மன்றோ. 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் அவரே வைத்திருந்தார். கண்காணிக்க வந்தவரே கணக்கும் எழுதினார் என்று சொல்லலாம்.

இப்படி ஒரு நெருக்கடியில் பிறந்த பிள்ளையைக் கர்ப்பத்திலேயே அரசன் என்ற பொருளில் ‘கர்ப்பஸ்ரீமான்’ என்றார்கள். நான்கு மாதத்திலேயே அரசனாக அறிவித்தார்கள். தர்பார் கூட்டி, மன்றோ முன்னிலையில், பிள்ளையைக் கம்பெனியின் பாதுகாப்பில் ஒப்படைத்தார் ராணி. 1814-ல் இரண்டாவது மகன் உத்திரம் திருநாள் பிறந்தார். 1815-ல் ராணி காலமானார். மூத்த பிள்ளைக்கு அப்போது வயது இரண்டுதான். சித்தி கௌரி பார்வதி பாய் 1829 வரை நாட்டைப் பார்த்துக்கொண்டார்.

இந்தப் பின்னணியோடு தாலாட்டுக்குத் திரும்பினால் அதன் நடை வேறுமாதிரி கேட்கும். நிலவு, தாமரை, தேன் என்று அழகில் தொடங்கும் கேள்விகள் கொஞ்சம் கொஞ்சமாக அரசியலுக்குள் நுழைகின்றன. இது இருட்டுக்கு வைத்த விளக்கா? புகழ் என்னும் கொடிக்கு விதையா? என்றும் கெடாத முத்தா? துயர் இருளைப் போக்கவந்த சூரிய ஒளியா? கடைசியில் பத்மநாபனின் அருளில் போய் நிற்கிறது. குழந்தைக்கு இதில் எது புரியும்? புரிய வேண்டியவர்கள் விழித்துக்கொண்டு சுற்றிலும் நின்றவர்கள். வம்சம் அறுந்துவிடவில்லை என்று அரண்மனைக்கும் ஊருக்கும் சொல்லும் அறிவிப்புக்கு ஒரு ராகம் போட்டிருக்கிறார் தம்பி. குறிஞ்சி, நவரோஜ், நீலாம்பரி என்று பாடுபவருக்கேற்ப ராகம் மாறியும் பாட்டு உயிரோடு இருக்கிறது. இன்றைக்கு மோகினியாட்ட மேடையில் அதை ஆடுகிறார்கள். அங்கே தொட்டில் வெறும் அபிநயம், தூங்குவதற்கு யாருமே இல்லை, என்றாலும் பாட்டுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் குறைவாகத்தான் இருக்கும். நம் தாலாட்டுகளும் பிள்ளையின் காதுக்கென்று மட்டும் பாடப்படுபவை அல்ல. மாமன் என்னென்ன சீர் கொண்டுவந்தான், அத்தை எதற்கு அடித்தாள் என்று தாய் பாடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்கிறாள் என்பது பாடுகிறவளுக்குத் தெரியும். நேரே சொன்னால் சண்டை; தூளியை ஆட்டிக்கொண்டு சொன்னால் பாட்டு. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டும்போதுகூட எந்தத் தேவர் என்ன பரிசு அனுப்பினார் என்ற பட்டியல் வருகிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தாலப் பருவம் என்றே ஒன்றை ஒதுக்கி, தலைவனின் குலப்பெருமையை எல்லாம் அதில் ஏற்றினார்கள். தம்பியின் தாலாட்டு இந்த உறவுக்கூட்டத்தில் சேர்கிறது. அதில் மாமன் வரவில்லை, அவ்வளவுதான். வர முடியாது, மாமன் முறையில் பட்டத்தில் இருந்து மருமகனுக்குக் கொடுக்க அப்போது ஆளே இல்லையே!

அரசனைத் தாலாட்டுவதற்கு முன்பே திருவனந்தபுரம் கடவுளின் தூக்கத்தோடு பழகியது. பத்மநாபர் இங்கே பாம்பணையில் பள்ளிகொண்டவர். 18 அடி நீளம் என்பதால் ஒரே வாசலில் முழு உருவமும் தெரியாது. முகம், நாபி, பாதம் என்று மூன்று வாசல்கள் வழியாகப் பார்க்கவேண்டும். நம்மாழ்வார் திருவாய்மொழியில் பத்துப் பாசுரங்களை இந்தத் தலத்துக்குக் கொடுத்திருக்கிறார். 1750-ல் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே கோயிலுக்கு எழுதிவைத்துப் பத்மநாபதாசன் ஆனார். அதாவது, படுத்திருப்பவர் அரசர், விழித்திருப்பவர் வேலைக்காரர்.

ஐப்பசியிலும் பங்குனியிலும் நடக்கும் பத்து நாள் விழாவில் ஒன்பதாம் நாள் இரவு பள்ளிவேட்டை. அரச குடும்பத் தலைவர் வில்லோடு முன்னே நடக்க, மேளம் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஊர்வலம் கோட்டைக்குள் நகரும். அத்தனை ஜனம், சத்தமே இல்லை. பார்ப்பவருக்கு ஊரே தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும். இளநீர் மீது அம்பு பாய்ந்த பிறகுதான் வாத்தியங்கள் வாய் திறக்கும். வேட்டை முடித்த தெய்வத்தைத் தூங்கவைத்து, விடிந்ததும் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து எழுப்புவது கேரளக் கோயில்களின் வழக்கம். மறுநாள் சங்குமுகம் கடற்கரையில் ஆறாட்டு என்னும் நீராட்டு. ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து போகவேண்டும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை விமானங்கள் சில மணி நேரம் நின்று வழிவிடுகின்றன.

இதே விழாக்களில் கிழக்கு நடையின் கோபுரத்தை ஒட்டிய நாடகசாலையில் கதகளி நடக்கும். இங்கேதான் இரயிம்மன் தம்பியின் இன்னொரு முகம் தெரிகிறது. ‘கீசக வதம்’, ‘உத்தரா சுயம்வரம்’, ‘தட்ச யாகம்’ என்ற மூன்று ஆட்டக்கதைகளும், அதாவது கதகளிக்கான பாட்டு நாடகங்களும், அவர் எழுதியவை. பிள்ளையைத் தாலாட்டிய அதே கை, ராத்திரி முழுக்க ஊரை விழிக்கவைக்கும் கதைகளையும் எழுதியது. கீசக வதத்தின் உச்சத்தில் ஒரு கட்டில் வருகிறது. இருட்டில், போர்வைக்குள் சைரந்திரி என்ற பெயரில் இருக்கும் திரௌபதி தூங்குகிறாள் என்று நம்பி ஆசையோடு கீசகன் நெருங்குகிறான். உள்ளே படுத்திருப்பது பீமன். தூக்கத்தை நடிக்கும் ஒருவனை மேடையேற்றி, தூங்கக்கூடாத ஒரு கூட்டத்தை எதிரே உட்காரவைப்பதில் தம்பிக்குக் கொஞ்சம் குறும்பு இருந்திருக்கவேண்டும்.

உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பாதி குழந்தைகள். அந்தக் காலத்து இரவுக் கதகளிக்குப் பாயும் தலையணையுமாகக் குடும்பம் கிளம்பும். சாயங்காலம் ஆட்டத்தை அறிவிக்கும் கேளிகொட்டு மேளம், எட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஆட்டவிளக்கு ஏற்றி ஆட்டம், முடிய விடியும். சிங்காரப் பதங்கள் மெதுவாக, மிக மெதுவாக நகரும்போது முன்வரிசைப் பொடிசுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிடும். திரைக்குப் பின்னால் வில்லனான ‘கத்தி’ வேடக்காரர் அலறியதும் அத்தனையும் ஒரே குலுக்கலில் எழும். கொஞ்சம் அழும், கொஞ்சம் பார்க்கும், மறுபடி சாயும். பின்னிரவில் யாரோ தோளைத் தட்டி, “எழுந்திருடா, போகலாம்” என்றதும் பையன் எழுந்து நடப்பான். வரப்பு, படி, நடுவில் ஓடை எல்லாவற்றையும் கடந்து வீட்டுக்கு வந்து படுப்பான். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. தன்னை யாரோ தூக்கிவந்ததாகச் சத்தியம் செய்வான்.

குடும்பங்களில் இப்படிப்பட்ட கதைகள் பத்திரம்போலக் கைமாறும். உரல் கிடக்கும் மூலையைக் கழிப்பறை என்று நம்பி நின்ற அண்ணன், நடுராத்திரியில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்ட தங்கை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேய் பிடித்தது, யட்சி கூப்பிட்டாள் என்று பயந்து மந்திரித்துக் கயிறு கட்டிய வீடுகளும் உண்டு.

மருத்துவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். குழந்தைகளுக்கு அது இன்னும் ஆழம். அந்த நேரத்தில் எழுப்பினால், அல்லது தானாகக் கலைந்தால், மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்ளும், மற்றது தூங்கிக்கொண்டே இருக்கும். கால் நடக்கும், கண் திறந்திருக்கும், நினைவு மட்டும் பதியாது. தூக்கத்தில் நடப்பது கனவை நடித்துக்காட்டுவது அல்ல, பாதி விழிப்பின் கோளாறு என்று 1968-ல் ரோஜர் பிரௌட்டன் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். குடும்ப வழியும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் இந்தப் பழக்கம் இருந்த பிள்ளைகளில் 61.5 சதவீதம் பேர் தூக்கத்தில் நடந்தார்கள். ஒருவருக்கு மட்டும் இருந்தால் 47.4, இருவருக்கும் இல்லையென்றால் 22.5. பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும். தூக்கம் கெட்டால் அதிகமாகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ராத்திரிக் கதகளி முடிந்து போன வழியெல்லாம் எத்தனை குட்டித் தூங்குமூஞ்சிகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

சிறுவர் இலக்கியத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 1880-ல் ஜொஹானா ஷ்பைரி எழுதிய ‘ஹைடி’யில், மலைக்கிராமத்துச் சிறுமியைப் பிராங்பர்ட் நகரத்துப் பணக்கார வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். தினமும் காலையில் அந்த வீட்டின் வாசற்கதவு திறந்தே கிடக்கிறது. வேலைக்காரர்கள் காவல் இருந்து, வெள்ளை உருவத்தைப் பார்த்து நடுங்குகிறார்கள். வீட்டுக்காரரும் அவருடைய டாக்டர் நண்பரும் துப்பாக்கிகளையும் ஒயின் பாட்டில்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு பேயைப் பிடிக்க உட்காருகிறார்கள். கடைசியில் அகப்படுவது இரவு உடையில், வெறுங்காலோடு நிற்கும் ஹைடி. ஊர் ஏக்கத்தை அவள் பகலில் வாய்திறந்து சொன்னதில்லை. டாக்டர் மருந்து எழுதவில்லை. பிள்ளையை உடனே ஊருக்கு அனுப்பச் சொல்கிறார்.

ஷ்பைரியின் கதையையும் தம்பியின் பாட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். தாலாட்டில் பெரியவர்கள் தங்கள் கவலையைத் தூங்கும் பிள்ளையிடம் சொல்கிறார்கள். ஹைடியில் பிள்ளை தன் கவலையைத் தூங்கிக்கொண்டே பெரியவர்களிடம் சொல்கிறது. இரண்டாவது வகையில் எழுத, குழந்தைக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று முதலில் நம்பவேண்டும். திருவனந்தபுரத்தில் அந்த நம்பிக்கை வர இன்னொரு நூற்றாண்டு ஆனது.

தம்பி தாலாட்டிய பிள்ளை வளர்ந்து, 16 வயதில் ஆட்சியைக் கையில் வாங்கி, தஞ்சை நால்வரை வரவழைத்து, அவர்களில் வடிவேலுவுக்கு 1834-ல் தந்தத்தால் இழைத்த வயலின் பரிசளித்து, நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள் எழுதி, 1846-ல் 33 வயதில் இறந்துபோனார். தாலாட்டியவர் அவருக்குப் பிறகு பத்தாண்டுகள் உயிரோடு இருந்தார். தம்பியின் மகள் குட்டிக்குஞ்ஞு தங்கச்சி, ஆட்டக்கதைகளும் பாட்டுகளும் எழுதி, கேரளத்தின் முதல் பெண் கவிகளில் ஒருவராக 1904 வரை வாழ்ந்தார்.

அதன் பிறகு அதே ஊருக்கு ஒரு தமிழர் வந்தார். 1876-ல் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூருக்குள் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிகளில் தொடங்கித் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரி வரை ஆசிரியராக இருந்து 1931-ல் ஓய்வுபெற்றார். கவிமணி என்ற பட்டம் 1940-ல் வந்து ஒட்டிக்கொண்டது. பசுவையும் கன்றையும் பற்றிய அவருடைய பாட்டைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் யாரும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நின்று, அது வாயால் சொல்லிப்பார்க்கும் சொற்களில் எழுதினார். வம்சப் பெருமை இல்லை, பரிசுப் பட்டியல் இல்லை. மருமக்கள் வழிச் சொத்துரிமை நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களைப் படுத்திய பாட்டையும் அவர்தான் எள்ளி எழுதினார். அதைத் தாலாட்டுக்குள் ஒளித்துவைக்காமல் ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்று தனி நூலாகவே போட்டார். இத்தனை பிள்ளைகளுக்குப் பாடிய அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

வானொலி வந்தபோது குழந்தைகளோடு பேசும் குரலுக்கு உறவுமுறை தேவைப்பட்டது. சென்னையில் அது வானொலி அண்ணா. இலங்கையில் வானொலி மாமா. திருவனந்தபுரத்தில் ரேடியோ அம்மாவன், அதாவது தாய்மாமன். தம்பியின் தாலாட்டில் இடம் கிடைக்காத அந்த மாமன், மிரட்டும் குடும்பத் தலைவரான காரணவராக இல்லாமல் கதை சொல்லும் மாமனாக வந்து சேர்ந்தார். 1981-ல் இங்கேயே அரசு பாலசாகித்திய நிறுவனம் அமைந்தது. அதன் ‘தளிரு’ இதழுக்குக் கவிஞர் சுகதகுமாரி ஆசிரியராக இருந்தார்.

இந்த வரிசையில் இரயிம்மன் தம்பிக்கு நேர் எதிரில் உட்காரவைக்க வேண்டியவர் மாலி. இயற்பெயர் வி. மாதவன் நாயர், 1915-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1994-ல் மறைந்தவர். மலையாளப் பிள்ளைகள் ராமாயணத்தையும் பாரதத்தையும் பாகவதத்தையும் முதலில் வாசித்தது பெரும்பாலும் மாலியின் எழுத்தில்தான். வாழ்நாளெல்லாம் சிறுவர்களுக்கு எழுதிய அவர் பெரியவர்களுக்கென்று ஓர் ஆட்டக்கதையும் செய்தார். பெயர் ‘கர்ணசபதம்’. பெற்றவள் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட பிள்ளை, தான் யார் என்று தெரியாமல் குமைந்து, கங்கைக் கரையில் தாயை நேருக்கு நேர் சந்திக்கும் கதை. பெற்றவளின் தாலாட்டே கேட்காமல் வளர்ந்தவன் வாய் திறந்து கேள்வி கேட்கிறான், பதில் சொல்ல முடியாமல் குந்தி நிற்கிறாள். பழைய பாணி ரசிகர்கள் சிலர் மூக்கைச் சுளித்தாலும், கடந்த நூறாண்டில் எழுதப்பட்ட ஆட்டக்கதைகளில் இவ்வளவு மேடை கண்டது வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

கர்ணசபதத்துக்கு ஒரு முழு இரவு தேவையில்லை. சாயங்காலம் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். கோட்டைக்குள் இருக்கும் கார்த்திகைத் திருநாள் அரங்கில் நடக்கும் கதகளிகளும் இப்போது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். நாற்காலி, மின்விசிறி, மைக். மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு என்பதை மனதில் வைத்தே நேரம் குறிக்கிறார்கள். முடிந்ததும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஸ்கூட்டரில் ஏறும் பையன் கிழக்கேகோட்டை சிக்னல் வருவதற்குள் சாய்ந்துவிடுகிறான். வீட்டு வாசலில் அவனை எழுப்பி நடக்கவைப்பது இப்போதும் அம்மாவின் பாடுதான்.